சிலந்தி என்று நினைத்துப் பதினோரு நாள் அலைந்தேன்

எங்கள் வீட்டுப் பத்தாயத்துக்குள் ஒரு ஆள் தாராளமாக நிற்கலாம். மாமனாரின் அப்பா காலத்துப் பலாப் பலகை. மேல் மூடியைத் தூக்கி உள்ளே காலைத் தொங்கவிட்டு இறங்கினால் பட்டப்பகலிலும் கும்மிருட்டு. சம்பா அறுப்புக்கு முன்னால் மார்கழியில் ஒரு நாள் அடியில் தங்கிய பழைய நெல்லையும் தூசியையும் வாரிக் கொட்டிவிட்டு, நொச்சித் தழையும் வேப்பந்தழையும் பரப்பிவைப்பது இந்த வீட்டு வழக்கம். வலங்கைமான் பக்கம் ஒரு கிராமம் எங்களுடையது. நாலு மா நிலம், ஒரு பசு. வீட்டுக்காரர் சிங்கப்பூரில், மகள் கோயம்புத்தூர் ஹாஸ்டலில். வீட்டில் நானும் மாமியாரும் மட்டும்தான். அதனால் பத்தாயத்துக்குள் இறங்குகிற வேலை என் தலையில்.

போன மார்கழி 13ஆம் தேதி காலையில் இறங்கினேன். கோணிச் சாக்கைத் தூக்கி உதறியதும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிலந்தி, பழுப்பு நிறம், நண்டு மாதிரிப் பக்கவாட்டில் ஓடியது. வயிற்றுக்கு அடியில் வெள்ளையாக, பழைய எட்டணாக் காசைப் போலத் தட்டையாக ஏதோ ஒன்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. ஓடியது என் கை மேலேறி, இடுப்பு வழியாக இறங்கி, பலகையில் தாவி நின்றது. நான் போட்ட சத்தத்தில் அடுப்படியில் இருந்த அத்தை ஓடிவந்துவிட்டார்கள். எனக்கு எங்கிருந்து அவ்வளவு தைரியம் வந்ததோ, பக்கத்தில் இருந்த காலி ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கவிழ்த்து அதைப் பிடித்துவிட்டேன். கடித்த வலி எதுவும் தெரியவில்லை. அன்று சாயங்காலம் குளிக்கும்போதுதான் வலது இடுப்பில், பாவாடை நாடா இறுக்குகிற கோட்டில், மிளகு அளவுக்கு ஒரு தடிப்பு கையில் பட்டது. அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டேன், சிலந்தி கடித்துவிட்டது என்று. அதற்குப் பிறகு பதினோரு நாள் நான் செய்த அத்தனை முட்டாள்தனமும் அந்த ஒரு முடிவிலிருந்து கிளைத்ததுதான்.

மறுநாள் அத்தை பார்த்துவிட்டு, "இது காணாக்கடிம்மா, சிலந்தி எச்சம் பட்டிருக்கு" என்று சுண்ணாம்பும் மஞ்சளும் குழைத்துப் பூசினார்கள். எதிர்வீட்டுப் பெரியம்மா வந்து அதன் மேலேயே குப்பைமேனிச் சாறு. இரண்டும் காய்ந்து இடுப்பில் ஒரு வறட்டித் துண்டு ஒட்டியதைப் போல ஆகிவிட்டது. இந்தப் பூச்சைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன், என்னை முதலில் கவிழ்த்தது அதுதான். இரவு காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் இல்லை, பல் கிட்டுகிற குளிர், கண்ணுக்குப் பின்னால் யாரோ ஆணி அடிப்பதைப் போலத் தலைவலி. திருப்பூரில் இருக்கும் என் தம்பி பையனுக்கு விஷயம் போய், அவன் வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பினான். "குகையில் வாழும் கொடூரச் சிலந்தி, கடித்தால் சதை அழுகும்" என்று தலைப்பு. பின்னணியில் பேய்ப்பட இசை. ஒருவர் தொடையில் கைப்பிடி அளவுக்குக் குழி. ராத்திரி இரண்டு மணிக்கு 102 டிகிரி காய்ச்சலோடு அதைப் பார்த்தேன். பாட்டிலுக்குள் அது அசையாமல் உட்கார்ந்திருந்தது. பத்தாயமும் ஒரு குகைதானே என்று தோன்றியது. அப்புறம் தூக்கம் ஏது.

இனி என் முட்டாள்தனத்தை வரிசையாகச் சொல்கிறேன், செலவோடு. மூன்றாம் நாள் பக்கத்து ஊர் மந்திரிக்கிறவரிடம் போனோம். வேப்பிலை அடித்து, கறுப்புக் கயிறு கட்டி, 501 ரூபாய் தட்டில். வெள்ளைச் சேவல் ஒன்று வேண்டும் என்றார், அது 650. நாலாம் ஐந்தாம் நாள் மெடிக்கலில் நானே சொல்லி வாங்கிய காய்ச்சல் மாத்திரையும் ஒரு கேப்சூலும், 340 ரூபாய். கேப்சூலின் பெயரைக்கூட நான் படிக்கவில்லை. ஆறாம் நாள் எழுந்து நிற்க முடியவில்லை. டவுனில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். உள்ளே நுழைந்ததும் டாக்டரிடம் நான் சொன்ன முதல் வாக்கியம், "சிலந்தி கடிச்சிடுச்சு சார்." பையிலிருந்து ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்து மேஜை மேல் வைத்தேன். அவர் பாட்டிலைப் பார்த்தார், நானும் பார்த்தேன், இடுப்பை இரண்டு பேருமே சரியாகப் பார்க்கவில்லை. ஆண் டாக்டர், எனக்குக் கூச்சம். புடவையை அரை அங்குலம் விலக்கிக் காட்டினேன். பச்சையும் மஞ்சளுமாகக் காய்ந்த பூச்சைத்தான் அவர் பார்த்திருப்பார். "பூச்சிக்கடி, உள்ளே சீழ் கோத்திருக்கலாம்" என்று எழுதினார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. பாதி நோயை நானே எழுதிக் கையில் கொடுத்துவிட்டேன்.

அங்கே ஐந்து நாள். காலையும் மாலையும் நரம்பில் ஊசி, வயிற்று ஸ்கேன், ரத்தப் பரிசோதனை. பிளேட்லெட் குறைந்திருக்கிறது, டெங்குவாக இருக்கலாம் என்றார்கள். டெங்கு இல்லை என்று வந்தது. காய்ச்சல் ஒரு புள்ளி இறங்கவில்லை. வறட்டு இருமல் சேர்ந்தது, கண் சிவந்தது, இரவில் நான் ஏதேதோ உளறியதாக அத்தை சொன்னார்கள். நான் பாம்புக்கடி ஊசியாவது போடுங்கள் என்று நர்ஸிடம் கெஞ்சியிருக்கிறேன். அது நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் என்ற நாலு பாம்புகளின் விஷத்துக்காகச் செய்த மருந்து, சிலந்திக்கு அதில் ஒரு சொட்டுப் பயனும் இல்லை என்பது பிறகு தெரிந்தது. ஐந்தாம் நாள் சாயங்காலம், கடித்த இடத்தை வெட்டி எடுத்துவிட்டுப் பார்க்கலாம் என்றார்கள். பில் அதுவரைக்கும் 38,700. என் ஒரு பவுன் செயினைக் கூட்டுறவுச் சங்கத்தில் வைத்து வாங்கிய 40,000 அங்கேயே கரைந்துவிட்டது. வெட்டுவதற்குத் தனியாகக் கட்ட வேண்டும். பணம் இல்லாததுதான் என்னைக் காப்பாற்றியது என்று இப்போது சிரிக்கிறேன். அன்று சிரிக்கவில்லை. சிங்கப்பூருக்கு வீடியோ காலில் அழுதேன். அவர், "தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ, கார் பிடிச்சுக்கோ, யார் என்ன சொன்னாலும் போ" என்றார். கார் 2,200. எல்லாம் கூட்டினால் 42,391 ரூபாய். இதில் அத்தை வேண்டிக்கொண்ட மொட்டைக் காணிக்கையைச் சேர்க்கவில்லை.

தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் கூட்டம் எப்படி இருக்கும் என்று தெரியாதவர்கள் இல்லை. ஸ்ட்ரெச்சர் வராண்டாவில் நின்றது. ஒரு சின்னப் பெண், படித்துக்கொண்டே வேலை பார்க்கிற டாக்டர், என் மகளைவிட நாலைந்து வயது கூட இருந்தால் அதிகம். நான் வழக்கம்போல "சிலந்தி" என்று ஆரம்பித்தேன். "அக்கா, சிலந்தியை அப்புறம் பேசலாம். காய்ச்சல் என்னைக்கு ஆரம்பிச்சுது? அதுக்குப் பத்து நாள், பதினைஞ்சு நாள் முன்னாடி எங்கெல்லாம் போனீங்க, என்ன வேலை செஞ்சீங்க, அதைச் சொல்லுங்க" என்றாள். பிறகு திரையை இழுத்துவிட்டு, டார்ச் அடித்து, காதுக்குப் பின்னால், அக்குள், மார்புக்கு அடியில், தொடை இடுக்கு என்று ஒவ்வொரு இடமாகத் தேடினாள். இடுப்பில் இருந்த பூச்சை உப்புத் தண்ணீர்ப் பஞ்சால் கொஞ்சம் கொஞ்சமாக ஊறவைத்துத் துடைத்து எடுத்தாள். அடியில் ஒரு கறுப்பு வட்டம், துவரை அளவு. ஊதுவத்தி முனையைத் தோலில் வைத்து அணைத்தால் எப்படி இருக்கும், அப்படி. ஓரம் லேசாக மேடிட்டு, சுற்றிலும் ஒரு சிவப்பு வளையம். அழுத்தினாள். "வலிக்குதா?" இல்லை. "அரிக்குதா?" இல்லை. "சீழ் வந்துச்சா?" வரவே இல்லை. பக்கத்தில் இருந்த இன்னொரு டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டினாள். இரண்டு பேரும் தலையாட்டிக்கொண்டார்கள். ஸ்க்ரப் டைஃபஸ். பேப்பரில் உண்ணிக் காய்ச்சல் என்று போடுகிறார்களே, அது.

அவள் கேட்ட கேள்விக்கு விடை அப்போதுதான் எனக்கே ஞாபகம் வந்தது. மார்கழி பிறந்து இரண்டாம் நாள், மழை விட்டிருந்த நேரம், வாய்க்கால் கரையில் முழங்கால் உயரப் புல் மண்டியிருந்தது. பசுவுக்குப் புல் அறுக்கப் போனேன். கரை முழுக்க எலி வளை. இடுப்பு பிடித்துக்கொண்டது என்று புல் மேலேயே உட்கார்ந்து, கொண்டுபோன பழையதைச் சாப்பிட்டு, அரை மணி நேரம் சாய்ந்தும் இருந்தேன். வீட்டுக்கு வந்து அதே புடவையோடு மாடு கறந்தேன். இரவுதான் குளித்தேன். அங்கேதான் தொற்றியிருக்க வேண்டும். புல்லிலும் புதரிலும் எலிகளை அண்டி வாழ்கிற ஒரு வகைச் சிற்றுண்ணி. அதன் குஞ்சுப் பருவம் மட்டும்தான் எலி, மனிதர் போன்ற பிராணிகள் மேல் ஏறும். ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு இருக்கும், கண்ணுக்குத் தெரியாது, கடிக்கும்போது வலிக்காது. துணி இறுக்குகிற இடமாகப் பார்த்து உட்காரும். அது கொண்டுவருகிற கிருமிக்கு ஒரியன்ஷியா சுட்சுகாமுஷி என்று பெயர். ஜப்பான்காரர்கள் வைத்தது, முஷி என்றால் பூச்சி. இரண்டாம் உலகப் போரில் பர்மாப் பக்கம் சண்டைக்குப் போன சிப்பாய்களை இது படுத்திய பாடு பெரிய கதையாம். கடித்து ஆறிலிருந்து இருபத்தோரு நாளுக்குள் காய்ச்சல் வரும், பெரும்பாலும் பத்து நாள் வாக்கில். எனக்குப் பன்னிரண்டாம் நாள் வந்தது. அதாவது பத்தாயத்தில் இறங்கும்போதே நோய் என் உடம்பில் இருந்தது. பாவம், சிலந்தி சாட்சிக்கு மாட்டிக்கொண்டது.

இந்தக் கிருமி நம் உடம்புச் செல்லுக்குள் புகுந்து உட்கார்ந்துகொள்கிற ஜாதி. பென்சிலின் குடும்பத்து ஊசியும், ஆஸ்பத்திரிகளில் காய்ச்சல் என்றதும் ஏற்றுகிற செஃப்ட்ரியாக்சோன் வகையும் அதை ஒன்றும் செய்யாது. ஐந்து நாள் நரம்பில் ஏறியது அத்தனையும் வீண் என்று கேட்டபோது வயிறு எரிந்தது. இதற்கு மருந்து டாக்ஸிசைக்ளின், பழைய மாத்திரை, விலையும் மலிவு. 100 மில்லிகிராம், காலை ஒன்று, இரவு ஒன்று, ஏழு நாள். கர்ப்பிணிகளுக்கு அதற்குப் பதில் அசித்ரோமைசின் கொடுப்பார்கள். எனக்கு மூச்சிரைப்பு இருந்ததால் முதல் இரவு ஆக்சிஜன் வைத்தார்கள். ரத்தத்தை இந்த நோயைக் கண்டுபிடிக்கிற ஐஜிஎம் எலைசா பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு, முடிவு வரும்வரை காத்திராமல் மாத்திரையைத் தொடங்கிவிட்டார்கள். முடிவு வந்தபோது எனக்குக் காய்ச்சலே இல்லை. இரண்டாம் நாள் விடியற்காலையில் உடம்பு முழுக்க வியர்த்துக் கொட்டி, போர்வையை உதறிவிட்டு, "அத்தை, பசிக்குது" என்றேன். பதினோரு நாளில் நான் பசி என்று சொன்னது அதுதான் முதல் தடவை. நர்ஸ் ஒரு விஷயம் கண்டிப்பாகச் சொன்னார். இந்த மாத்திரையை ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு, உட்கார்ந்துகொண்டு விழுங்க வேண்டும், விழுங்கியதும் படுக்கக் கூடாது. தொண்டைக்குழாயில் ஒட்டிக்கொண்டால் புண்ணாக்கிவிடும். பாலோடு போடவும் வேண்டாம். பக்கத்துப் படுக்கை அம்மா கேட்காமல் படுத்துவிட்டு, மறுநாள் எச்சில் விழுங்க முடியாமல் தவித்ததைக் கண்ணால் பார்த்தேன்.

கறுப்புத் தடம் எல்லோருக்கும் வராது, வந்தாலும் ஒளிந்த இடத்தில்தான் வரும், வலிக்காது என்பதால் நமக்கே தெரியாது. மழை ஓய்ந்து பனி விழுகிற மாதங்களில், வயல்வரப்பில் புழங்குகிற ஆளுக்கு, ஐந்து நாள் தாண்டியும் காய்ச்சல் விடவில்லை, டெங்குவும் இல்லை என்றால், வீட்டில் ஒருவரை வைத்துக்கொண்டு உடம்பு முழுக்கப் பாருங்கள். அக்குள், இடுப்புக்கோடு, தொடை இடுக்கு, பெண்கள் என்றால் மார்புக்கு அடியில், ஆண்கள் என்றால் அரைஞாண் கயிறு படுகிற இடம். பார்த்ததை டாக்டரிடம் கூச்சப்படாமல் காட்டுங்கள். ஆண் டாக்டரிடம் காட்ட முடியவில்லை என்றால் நர்ஸைக் கூப்பிடச் சொல்லிக் கேட்பதில் தவறே இல்லை, நான் கேட்கவில்லை. எதையும் பூசாதீர்கள். என் சுண்ணாம்பு மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் முதல் ஆஸ்பத்திரியிலேயே அந்த ஊதுவத்தித் தடம் யார் கண்ணிலாவது பட்டிருக்கும். இன்னொன்று, "இது கடிச்சுது" என்று ஆரம்பிக்காதீர்கள். என்ன நடந்தது, எந்தத் தேதியில், அதற்கு முன்னால் மூன்று வாரம் எங்கெல்லாம் கால் வைத்தீர்கள், இதை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். டாக்ஸிசைக்ளினை நீங்களே மெடிக்கலில் கேட்டு வாங்கிவிடலாம் என்று என் எழுத்தைப் படித்துவிட்டு யாரும் கிளம்ப வேண்டாம். நானும் அப்படித்தான் ஒரு கேப்சூல் வாங்கினேன்.

சரி, பாட்டிலில் இருந்த ஆள்? போகிக்கு முதல் நாள் வீடு வந்தேன். மாடத்தில் அது அப்படியே உட்கார்ந்திருந்தது. மூடியில் அத்தை ஊசியால் ஓட்டை போட்டு வைத்திருந்தார்கள். எதிர்வீட்டுப் பெரியம்மாவின் பேத்தி விலங்கியல் எம்.எஸ்ஸி. படிக்கிறாள், பொங்கலுக்கு வந்திருந்தாள். பாட்டிலைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள். "அத்தை, வீடியோவுல வந்த சிலந்திக்கு உடம்பு உங்க சுண்டுவிரல் நகம் அளவுதான். காலை விரிச்சா ஒரு ரூபாய்க் காசுல அடங்கிடும். இது வீட்டுல கரப்பான் பூச்சி தின்னுட்டுக் கிடக்கிற ஹண்ட்ஸ்மேன். அடியில பிடிச்சிருக்கிறது முட்டைப்பை" என்றாள். பூதக்கண்ணாடியைக் கொடுத்து முகத்தைப் பார்க்கச் சொன்னாள். இரண்டு வரிசையாக எட்டுக் கண். வீடியோக்காரன் சொன்னதற்கு ஆறு கண்தானாம், அதுவும் இரண்டிரண்டாக மூன்று ஜோடி. முதுகில் வயலின் படத்தைப் போல ஒரு கறை இருக்கும் என்பார்கள், ஆனால் கறையை நம்பிப் பெயர் சொல்லக் கூடாது, கண்ணை எண்ண வேண்டும் என்றாள். ஆறு கண் பூச்சிக்குப் பயந்த என்னைக் கடித்தது ஆறு கால் பூச்சி. உண்ணிக் குஞ்சுக்கு ஆறு கால்தான், எட்டு பிறகு வருமாம்.

அன்று திண்ணையில் உட்கார்ந்து அவள் சொன்னதையும், அப்புறம் நானே தேடிப் படித்ததையும் இங்கே சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். அந்த வீடியோவைப் பார்த்து இன்னும் எத்தனை பேர் தூங்காமல் கிடக்கிறார்களோ. அந்தச் சிலந்தி பொய் இல்லை. லாக்சோசிலஸ் என்ற குலம், நூற்றுக்கு மேல் வகை. நாம் கேள்விப்படுவது லாக்சோசிலஸ் ரூஃபெசென்ஸ். மத்தியதரைக் கடல் ஓரத்து ஜீவன், 1820இல் லியோன் டுஃபூர் என்ற பிரெஞ்சுக்காரர் அதற்குப் பெயர் வைத்தார். கப்பலிலும் மூட்டையிலும் ஏறி உலகம் முழுக்கப் பரவிவிட்டது, இந்தியாவிலும் குகைகளிலும் கட்டடங்களிலும் பார்த்துப் பதிவு செய்திருக்கிறார்கள். குகை, பாறை வெடிப்பு, கல்லுக்கு அடி, இருட்டான, காய்ந்த, யாரும் கை வைக்காத இடம்தான் அதற்குப் பிடிக்கும். பஞ்சைப் பிய்த்துப் போட்டதைப் போல ஒழுங்கில்லாத ஒரு வலை பின்னி அதில் பகலெல்லாம் பதுங்கும், இரவில் இரை தேடி நடக்கும். மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும். மனிதன் கட்டிய வீடு அதற்கு இன்னொரு குகை, அவ்வளவுதான். அட்டைப்பெட்டி, சுவரில் மாட்டிய படத்தின் பின்பக்கம், மடித்து வைத்து மறந்த துணி. விஷத்தில் இருக்கிற ஒரு நொதி தோல் செல்லை அழித்துப் புண்ணாக்குவதும் உண்மைதான். ஆனால் பெரும்பாலான கடி தானாகவே ஆறிவிடுகிறது, சிலருக்குத்தான் சதை கறுத்துக் குழியாகிறது. அதுவாக வந்து கடிக்காது. சட்டைக்குள்ளோ படுக்கையிலோ நசுங்கும்போது கடிக்கும். இதே குலத்தில் இன்னொரு வகை, அமெரிக்காவில் கேன்சஸ் மாநிலத்தில் ஒரே வீட்டில் ஆறு மாதத்தில் 2,055 பிடிபட்டிருக்கிறது, அந்த வீட்டில் குடியிருந்த குடும்பத்தில் ஒருவருக்கும் கடி இல்லை. இதைப் படித்த அன்று நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

நம் காவிரிப் பக்கத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வண்டல் மண், எங்கே தோண்டினாலும் ஈரம். குகையை விடுங்கள், உருப்படியாக ஒரு பாறை கிடையாது. பெரிய கோயில் கட்டவே வெளியிலிருந்துதான் கல் வந்தது. குகை பார்க்க வேண்டும் என்றால் சித்தன்னவாசல், நார்த்தாமலை என்று புதுக்கோட்டைப் பக்கம் போக வேண்டும். அதற்காக இங்கே அந்தச் சிலந்தி இருக்கவே இருக்காது என்று நான் சத்தியம் செய்யமாட்டேன், பார்சல் பெட்டியில் வருகிற பூச்சி அது. ஆனால் டெல்டாக்காரி ஒருத்தி இடுப்பில் கறுப்புப் புள்ளியைப் பார்த்தால் முதலில் வாய்க்கால் கரையைத்தான் நினைக்க வேண்டும், குகையை இல்லை. எதற்கும் இருக்கட்டும் என்று அந்தப் பெண் சொல்லிக் கொடுத்ததை நான் செய்கிறேன். பரணிலிருந்து எடுக்கிற துணியை வெயிலில் உதறுகிறேன், கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளிப் போட்டிருக்கிறேன், பத்தாயத்தில் இறங்கும்போது முழுக்கைச் சட்டை. நிஜமாகவே சிலந்தி கடித்ததைக் கண்ணால் பார்த்தால் சோப்புப் போட்டுக் கழுவி, குளிர்ந்த ஈரத்துணி வைத்து, கையோ காலோ என்றால் உயர்த்தி வைத்துக்கொண்டு டாக்டரிடம் போக வேண்டும். கீறுவது, இறுகக் கட்டுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் கூடாது. முடிந்தால் சிலந்தியைப் பிடித்துப் போகலாம், இல்லையென்றால் செல்போனில் ஒரு போட்டோ.

ஒன்று மட்டும் எனக்கு ஆறவில்லை. நம் பேச்சிலேயே சிலந்திக்கு எதிராக ஏதோ இருக்கிறது. ஆறாத கட்டி வந்தால் அதற்குப் பெயரே சிலந்தி. காலில் நூல் நூலாகப் புழு வெளியே வந்த நோயை நரம்புச் சிலந்தி என்றார்கள். அது குளத்துத் தண்ணீரில் இருந்து வந்த கினிப் புழு, 2000ஆம் ஆண்டு இந்தியா அதிலிருந்து விடுபட்டதாக உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது. அதிலும் சிலந்திக்குப் பங்கே இல்லை, பெயர் மட்டும் அதன் மேல். காணாக்கடி என்பதும் எனக்கு இப்போது நல்ல வார்த்தையாகத்தான் படுகிறது, காணாத ஒன்றுதான் கடித்தது. காணாததற்கு ஒரு உருவம் வேண்டும் என்று நான்தான் ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைத்தேன்.

பொங்கல் அன்று அந்தப் பெண் பாட்டிலை மாட்டுக் கொட்டகையில் திறந்துவிட்டாள். முட்டைப்பையோடு மெதுவாகக் கீற்று இடுக்கில் ஏறி மறைந்தது. அத்தை மூன்று நாள் கொட்டகைப் பக்கமே போகவில்லை. "டாக்டர் ஆயிரம் சொல்லட்டும், அது சிலந்திதான். சேவல் கொடுத்ததாலதான் நீ பிழைச்சே" என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். நான் வாதாடுவதில்லை. ஆனால் புல் அறுக்கப் போகும்போது தார்ப்பாய் ஒன்று கூடவே வருகிறது, புல்லில் உட்காருவதில்லை. வந்ததும் துணியை வாளியில் முக்கிவிட்டு, சோப்புத் தேய்த்துக் குளித்துவிட்டுத்தான் அடுப்படி. அத்தையையும் அப்படியே பழக்கிவிட்டேன், முணுமுணுத்துக்கொண்டே செய்கிறார்கள்.

பணத்தைவிட அதிகம் வலித்தது உளுந்து. அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால், நெல் நிற்கும்போதே அந்த ஈரத்தில் விதை தெளித்தாக வேண்டும். தை முதல் வாரம் எனக்குக் கொல்லைக்கு நடக்கவே சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. ஆள் வைத்துத் தெளிக்கலாம் என்று நினைத்து எழுந்து பார்த்தபோது மண் வெடித்துவிட்டது. நாலு மாவும் இந்த வருஷம் தரிசு. கை கால் அசதி மாசி பாதிவரை இருந்தது, தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது, இப்போது முளைக்கிறது. செயின் இன்னும் சங்கத்தில்தான் இருக்கிறது. ஆடிப்பெருக்குக்குள் மீட்டுவிடலாம் என்று வீட்டுக்காரர் போனில் சொல்லியிருக்கிறார்.